செப்புக் கம்பி

1943 ஆகஸ்டு, வியாழன். காஜா பேராங்.

போன வாரம் அக்காள் வீட்டில் பியூஸ் போனது. கடைகளில் பியூஸ் கம்பி இல்லை. அத்தான் ஒரு தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, "இனி லேசுல போவாது" என்றார். சூடேறினால் போவதற்குத்தான் பியூஸ் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பியூஸ் மூடியை நானே மாட்டினேன்.

இன்று காலை அவர் தம் ஜப்பானிய அதிகாரியின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தெருவில் மணி அடித்தது. மின் இஸ்திரிப்பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஜப்பான் சக்கரவர்த்திக்கு வணக்கமாக எல்லோரும் கிழக்கே பார்த்துக் குனிந்து நின்றோம். உள்ளே அக்காளின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சன்னலில் புகை தெரிந்ததும் அக்காள் மட்டும் வரிசையை விட்டு ஓடினாள். மெயினை அணைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவளைக் காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் கன்னத்தில் அறைந்தான்.

பெட்டியின் வயர் உருகி ஒட்டியும் பியூஸ் போகவில்லை; சட்டையும் மேசையும் கருகின. மாலையில் அத்தான் அவளைத்தான் ஏசினார். "எல்லாரும் குனிஞ்சி நிக்கையில நீ ஏன் ஓடுன? சட்டைக்கு நான் என்னா பதில் சொல்றது?"

அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எண்ணெய் விளக்கில் எழுதுகிறேன்.

தீய்ந்த வாடை அக்காளுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. நான் நிமிரவில்லை.