பழி வண்டிமேல் இருக்கட்டும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

மரக்கடைக்காரர் கொட்டகையில் வருஷக்கணக்காகச் சும்மா நிற்கிற லாரியை அப்பாவுக்கு வாங்கித் தரப் போகிறாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஓட்ட ஒரு வண்டி இருந்தால் மனிதர் தெம்பாக இருப்பார் என்று போனில் சொன்னாயாம். அங்கே உட்கார்ந்துகொண்டு வள்ளல் வேஷம் போடுகிறாய். அன்றிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. சீட்டுப் பஞ்சுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது, அதைத் தன் கையாலேயே சுத்தம் செய்தார். இந்த வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைத்ததில்லை.

நேற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று என்னையும் ஏற்றினார். மெக்கானிக் பேட்டரி மாற்றி, ஆயில் மாற்றி வைத்திருந்தான், அப்பா லாரி ஓட்டிய காலத்தில் அவரிடம் கிளீனராக இருந்தானே அவன்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. வெளியே வரும்போது என் பக்கத்துக் கேட் தூண்மேல் நேராக விட்டார். நான் கத்தினேன். தூண் சாய்ந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தார், மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது. இறங்கியதும் பிரேக்கே பிடிக்கலடா என்றார். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாண்ணே, ரொம்ப நாள் நின்ன வண்டி பாருங்க என்று ஒத்து ஊதினான். மரக்கடைக்காரருக்கு லாரி தொலைந்தால் போதும், அவரும் தூண் போனால் போகட்டும் என்றார். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவுக்குத்தான் கண் தெரியவில்லை. கொடியில் காயும் போர்வையை நான் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார். நீ ஒரு நாள் வந்து எதிரே உட்கார்ந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். போனில் குரல் கணீரென்றுதான் இருக்கும்.

பிரேக்கைச் சரி செய்தால் வாங்கிவிடலாம் என்பார், தலையாட்டாதே. போனில் மறுத்தால் உன்னைப் பேசியே கரைத்துவிடுவார், அதனால் கடிதமாக எழுது. அது உதவாக்கரை வண்டி, நான் வாங்கித் தர மாட்டேன் என்று எழுது. கண்ணைப் பற்றி ஒரு சொல் கூடாது. பழி வண்டிமேல் இருக்கட்டும், அதற்கு ரோஷம் வராது. கண்ணைப் பற்றிப் பேச வேண்டுமானால் லீவு போட்டு நேரில் வந்து பேசு, டாக்டரிடம் நீயே கூட்டிப் போ. வேலை இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே, கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு. இத்தனை கோபத்திலும் சொல்கிறேன், நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் கடிதங்களை இப்போதெல்லாம் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி எழுது.

உன் அம்மா