பின்கட்டு வெந்நீர்

3 நவம்பர் 1964

காலரா வார்டில் இருபத்துநான்கு கட்டில், முப்பத்தொன்பது நோயாளிகள். மிச்சப் பேர் தரையில். கட்டிலின் நடுவே ஓட்டை, அடியில் வாளி. வாளியில் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு சலைன் நரம்பில் ஏறவேண்டும். எட்டு மணி நேரமும் அளப்பதும் ஏற்றுவதும்தான்.

வீட்டில் என் சட்டம்: பின்வாசல் வழியாகத்தான் நுழைவேன். சேலையைக் கொதிநீரில் போட்டு, தலைக்குக் குளித்து, பிறகே மகள் லூர்துவைத் தூக்குவேன். ஏழு மாதக் குழந்தை. என் காலடி கேட்டதும் பக்கத்துப் போர்ஷன் அஜீசாவின் இடுப்பிலிருந்து தாவுகிறாள். குளித்து முடிக்கும்வரை அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டே நிற்கவேண்டும்.

காலரா தண்ணீரால் பரவுகிறது, சேலையால் அல்ல. நர்சிங் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள்தான் நான்.

8 நவம்பர்

காசிமேட்டிலிருந்து அடைக்கலமேரி என்றொரு பெண். இருபது வயதிருக்கும். கண் குழிந்து, விரல் தோல் ஊறிச் சுருங்கி வந்தாள். மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. நாலாவது, கணுக்காலில். அவளுக்கும் கைக்குழந்தை, நாத்தனார் வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குப் போகையில் அந்த மரத்தடியைப் பார்க்காமல் நடந்தேன்.

9 நவம்பர்

இரண்டு சாவு.

11 நவம்பர்

வார்டிலிருந்து சின்னப் புட்டியில் கிருமி கொல்லும் லைசால் எடுத்து வந்தேன். கேட்காமல்தான். குளித்தபின் நீரில் கலந்து கழுத்து, கை, மார்பு எல்லாம் துடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

12 நவம்பர்

லூர்து பால் குடிக்கவில்லை. கிட்டே வருகிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துகிறாள்.

13 நவம்பர்

இன்றும் குடிக்கவில்லை. அஜீசா சங்கில் பசும்பால் புகட்டினாள். மத்தியானம் இரண்டு தரம் தண்ணியாகப் போயிற்று. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் — அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கா? இல்லை, மஞ்சள். உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், நோயாளிக்குப் பார்ப்பதுபோல. உடனே படிந்தது. நல்லதுதான். மறுபடி கிள்ளினேன். மறுபடி. குழந்தை வயிற்றில் சிவப்பாக என் விரல் தடம். நான்தான் கொண்டுவந்துட்டேன். நான்தானே?

என் வீட்டுக்காரர் பாஸ்கல் ஹார்பர் வேலையிலிருந்து வந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "இன்னா டோரதி இது? ஊரு புள்ளைங்கள காப்பாத்திக்கினு நம்ம புள்ளைய... வேலைய உட்டுடு. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வா."

ராஜினாமா எழுதிவிட்டேன். ஐந்து வரி. கைப்பையில் இருக்கிறது.

14 நவம்பர்

மேட்ரன் ரவுண்ட்ஸில் இருந்தார். அவர் வரும்வரை வேலையைப் பார்ப்போம் என்றிருந்தேன்.

அடைக்கலமேரி இன்று வீட்டுக்கு. லைசால் கலந்த நீரில் குளிப்பாட்டி அனுப்பினோம். வாசலில் நாத்தனார் குழந்தையை நீட்டினாள். மார்பில் அணைத்ததும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. "என்னிய மறந்துடுச்சா சிஸ்டர்?" என்று அவள் அழுதாள்.  லூர்து செய்வதும் அப்படியேதான்.

வாளியோடு கடந்துபோன ஆயா செல்லம்மா நின்றாள். "இன்னாத்துக்கு அழுவுற? கழுவி உட்ட கக்கூஸாட்டம் நாறிக்கினுகீற, புள்ள எப்டி வாய வெக்கும்? வா இப்டி."

குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். குழந்தை குடித்தது. அந்தச் சப்பும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.

மேட்ரன் வந்து, என்ன வேண்டும் என்றார். பஞ்சு தீர்ந்துவிட்டது என்றேன்.

மூன்று மணிக்கு வீடு. வெறும் வெந்நீர், பயத்தமாவு. இரண்டு தரம் தேய்த்தேன். லூர்து முதலில் மோந்து பார்த்தாள். பிறகு —

அஜீசா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பாஸ்கலிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப கடுதாசி?" என்றார். கைப்பையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

16 நவம்பர்

லூர்துவுக்குப் பேதி நின்றுவிட்டது. கீழ்ப்பல் முளைக்கிறது. கடிக்கிறாள்.

19 நவம்பர்

ஒன்பது புது கேஸ். லைசால் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். செல்லம்மா பார்த்துவிட்டு வாளியோடு நகர்ந்தாள்.

பயம் போகவில்லை. இன்றும் பின்வாசல்தான். பாஸ்கல் எனக்கு முன்பே வந்திருப்பார். கடிதம் கொடுத்தாயா என்று கேட்பார். சந்துமுனையிலேயே பதிலைத் தயார் செய்துகொண்டு நுழைந்தேன். பின்கட்டில் அண்டா நிறைய வெந்நீர் ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பயத்தமாவு.

உள்ளே பாஸ்கல் லூர்துவைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். "சீக்கிரம் குளிச்சிட்டு வா. புள்ள பசில கீது" என்றார்.