மைக்கில் வராத முழக்கம்

எடமலைப்பட்டி புதூர்,
திருச்சி.

அன்பு மகள் வெண்மணிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கக் கை கூசுகிறது, ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. போனில் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

ஊரில் புதிதாக ஒன்றுமில்லை. நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை. லால்குடி சித்தப்பா யூரியாவுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி, போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போனார். எங்கேயோ சண்டை, கப்பல் வரவில்லை, அதனால் உரம் இல்லை என்று கடையில் சொன்னார்களாம். சண்டை போடச் சொல்கிறவன் ஒருவன், சாகிறவன் இன்னொருவன், குண்டு விற்று லாபம் பார்க்கிறவன் மூன்றாவது ஆள், கடைசியில் வெயிலில் நிற்கிறவன் உங்களைப் போல விவசாயிதான் என்றேன். அண்ணி, ஒங்களுக்கு மோர் குடுத்தாலும் அதுல ஒலக அரசியல் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். முன்பெல்லாம் காலையில் பேப்பரைப் பிரித்து, இடிந்த ஆஸ்பத்திரியையும் துணி சுற்றிய குழந்தைகளையும் பார்த்தால் அன்று முழுக்கக் கோபமாக இருப்பேன். இப்போது அசதியாகத்தான் வருகிறது, பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விடுகிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நெல் வயலில் எங்கே நோய் விழுந்திருக்கிறது என்று வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே உங்கள் கம்பெனி செய்த கம்ப்யூட்டர் சாமான் சொல்லிவிடும் என்று நீ சொன்னபோது, லால்குடி முழுக்கப் போய்ப் பெருமை அடித்தவள் நான். அதையே பட்டாளத்துக்கு விற்று, மொட்டை மாடியில் நிற்கிற மனுஷனைத் தேடிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றாய். எனக்கு மெஷின் மேல் கோபமில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபோது வாசலில் நின்று எதிர்த்தவள்தான், அப்புறம் அதிலேயே வேலை பார்த்து ரிடையரும் ஆனேன். அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் அன்றைக்கும் கேள்வி, இன்றைக்கும் அதே கேள்விதான். நீயும் உன் கூட வேலை பார்க்கிறவர்களும் அதை எதிர்த்துக் கேன்டீனில் அட்டை பிடித்து நின்றீர்கள் என்று கேட்டபோது, பொய் சொல்லவில்லை, உடம்பெல்லாம் சிலிர்த்தது. உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னாய். மன்னிப்புக் கேட்டு, இனி வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வேலையோடு விசாவும் போய்விடும், என்னம்மா செய்யட்டும் என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தவள்தான் நான், இன்னும் சொல்லவில்லை. நாங்கள் ஸ்டிரைக்கில் நின்றபோது பின்னால் சங்கம் நின்றது, சம்பளத்தைப் பிடித்தார்களே தவிர, ஊரை விட்டுப் போ என்று எவனும் சொல்லவில்லை. கடல் தாண்டி அந்த டப்ளினில் உனக்கு யார் இருக்கிறார்கள்?

மனசு தாங்காமல் கட்சிக் கிளைக் கூட்டத்தில் தோழர் அடைக்கலத்திடம் சொன்னேன். அவர் பழைய ஆள், அவரிடம் ஆறுதலுக்கு ஒன்றைச் சொன்னால் அதைத் தீர்மானமாகப் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன வாரம் தலைமைத் தபால் நிலையத்துக்கு எதிரே போரை நிறுத்தச் சொல்லி ஆர்ப்பாட்டம். முழக்கம் எடுத்துக் கொடுக்கிறது எப்போதும் போல நான்தான். காஸாவுக்குப் போட்டேன், குண்டு விற்கிற நாடுகளுக்குப் போட்டேன், கூட்டம் நன்றாகத்தான் திருப்பிச் சொன்னது. நடுவில் அடைக்கலம் வந்து காதோடு, நம்ம வெண்மணிக்கு ஒண்ணு போடுங்க தோழர், அஞ்சாதே மகளே, மன்னிப்புக் கேட்காதேன்னு போடுங்க என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மைக்கை வாய்க்கிட்டே கொண்டுபோனேன், வார்த்தை வரவில்லை. எத்தனை வீட்டுப் பிள்ளைகளை இந்த மைக்கில் உறுதியாக நில் என்று சொல்லியிருக்கிறேன், அவர்களைப் பெற்றவர்கள் அன்றைக்குக் கூட்டத்தில் எந்த மூலையில் நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். எதிரே டீக்கடையில் ஸ்கூட்டரோடு காத்திருந்த அப்பா ரோட்டைத் தாண்டி உள்ளே வந்து, மைக்கை வாங்கி அடைக்கலத்திடம் கொடுத்துவிட்டு, வா மலரு, வீட்டுக்குப் போவோம் என்றார். கொடி பிடித்த கூட்டத்துக்குள் உன் அப்பா கால் வைத்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை அப்பா வழக்கம் போல ஸ்ரீரங்கம் போய், பெருமாளிடம் உன் விசாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். நான் எப்போதும் கேலி செய்வேனே, இந்த முறை, பேரையும் நட்சத்திரத்தையும் சரியாகச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டேன். நீயே பார்த்துக்கொள், உன் அம்மா எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எங்கெங்கோ சுற்றுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. கையெழுத்தைப் போட்டுத் தொலை என்று நாக்கு நுனி வரை வருகிறது. அப்படிச் சொன்னால் நான் இத்தனை வருஷம் ரோட்டில் நின்று கத்தியதற்கு அர்த்தமில்லை, போடாதே என்று சொன்னால் உன் சோற்றுத் தட்டில் நான் கை வைத்ததாக ஆகிவிடும். இரண்டையும் என்னால் சொல்ல முடியவில்லை கண்ணு. நீ கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில் உன்னைக் கருங்காலி என்று ஒருவரும் சொல்ல மாட்டோம், அடைக்கலத்தையும் சொல்ல விட மாட்டேன். போடாமல் புறப்பட்டு வந்தால் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, நேற்று அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே புது ஃபேன் மாட்டிவிட்டார்.

நான் யாரிடமும் வேண்டிக்கொள்கிறவள் இல்லை, ஆனாலும் அம்மாவின் ஆசி என்று ஒன்று இருந்தால் அது முழுக்க உனக்குத்தான். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே, அந்தக் காகிதத்தை உன் முன்னால் நீட்டுகிற அன்றைக்குக் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ. பசியோடு இருக்கிறவளிடம் கையெழுத்து வாங்குவது அவர்களுக்குச் சுலபம். போடுகிறாயோ இல்லையோ, சாப்பிட்ட கையோடு முடிவு செய்.

உன் அம்மா,
மலர்க்கொடி