வலது பக்கம் நின்று கூப்பிட்டவனுக்கு

இன்று கும்மிடிப்பூண்டி பஜாரில் முடி வெட்டி முடித்ததும், சலூன்காரர் வழக்கம்போல என் தாடையில் கை வைத்து, "நெட்டி எடுக்கட்டாண்ணா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீயாக இருந்தால் அவர் கேட்கும் முன்பே கழுத்தைச் சாய்த்துக் கொடுத்திருப்பாய். 'டக்'கென்று சத்தம் கேட்டால்தான் உனக்கு முடி வெட்டிய திருப்தியே வரும்.

கம்பி ஆலையில் நம் இருவருக்கும் ஒரே வேலை, வளைந்த கம்பியை மிஷினில் விட்டு நிமிர்த்துவது. வளைந்தது எதுவானாலும் ஒரு அழுத்தில் நேராகிவிடும் என்று நமக்கொரு நினைப்பு. அந்தப் புத்தியோடுதான் என் மகளின் கழுத்தையும் பார்த்தோம்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவள் தலை எந்நேரமும் இடது பக்கமே சாய்ந்திருக்கும். வலது பக்கம் திருப்பினால் வீறிட்டு அழுவாள். கழுத்தில் சுளுக்குப் பிடித்து உரம் விழுந்திருக்கிறது என்றார்கள். பெரியபாளையத்தில் ஒரு அம்மாவிடம் கொண்டுபோய், புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்தோம். கழுத்து அப்படியேதான் இருந்தது. பிள்ளை கடைசிவரை இப்படியே இருந்துவிடுவாளோ என்று பால் கொடுக்கும்போதெல்லாம் என் மனைவி அழுவாள்.

அப்போதுதான் நீ போனில் ஒரு வீடியோவைக் காட்டினாய். சென்னையில் ஒருவர் குழந்தைகளுக்கு எலும்பைச் சரிசெய்கிறாராம், கைரோபிராக்டிக் என்று பெயராம். "ரெண்டு அமுக்குதான் மச்சான். புள்ள சிரிச்சிகினே போவுது பாரு" என்றாய். மூன்று பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

அங்கே நம்மைப் போலவே கைக்குழந்தைகளோடு பலர் உட்கார்ந்திருந்தார்கள். மீஞ்சூரிலிருந்து வந்த ஒரு பெண், இங்கே வந்த பிறகு பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்றாள். பக்கத்திலிருந்தவர், "எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்க. ஆனா உடவும் மனசு வரல" என்றார். எனக்கு அவர் சொன்னதுதான் புரிந்தது.

நம் முறை வந்தது. மனைவி குழந்தையைப் படுக்க வைக்கக் குனிந்தாள். "இருங்க சார், மொதல்ல எனக்குப் பண்ணுங்க" என்று நீ போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாய். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். அவர் உன் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். உனக்குப் பிடித்த சத்தமும் வந்தது. எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டாய்.

"மச்சான், எனக்கே கண்ணு இருட்டிக்கினு வருது. புள்ளைக்கு வாணாம். தூக்கு, போலாம்."

குழந்தைக்கு விரல் நுனியால் லேசாகத்தான் தொடுவேன் என்று அவர் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். நீ காதில் வாங்கவே இல்லை.

அடுத்து குழந்தை டாக்டரிடம் போனோம். எலும்பில் கோளாறில்லை, கழுத்துத் தசைதான் இறுகியிருக்கிறது என்று சொல்லி, வீட்டில் மெதுவாகச் செய்யும் பயிற்சிகளைக் காட்டிக்கொடுத்தார். வலது பக்கம் நின்று பேசுங்கள், அவளே திரும்பட்டும் என்றார். "இவ்ளோதானா? சத்தமே வராதா?" என்று நீதான் ஏமாந்துபோனாய்.

ஆனாலும் ஷிப்டு முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அவளுக்கு வலது பக்கம் குந்திக்கொண்டு, "ஏ கய்தே, மாமா வந்துக்கிறேன், இங்க பாரு" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிடுவாய். ஒருநாள் சாயங்காலம் அழாமல் முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். நானும்தான் மாதக்கணக்கில் கூப்பிட்டேன், உன் குரலுக்குத்தான் திரும்பினாள். எனக்கு லேசாக வயிறெரிந்தது.

போன வருஷம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. சாவுக்கு வந்தவர்களிடம் சொல்ல நினைத்ததை இப்போது உனக்கே எழுதுகிறேன்.

ஆலையில் சமீபத்தில் அப்பாவான ஒருவர், அந்த எலும்பு வைத்தியரின் அட்ரஸ் கேட்டார். முதலில் குழந்தை டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். உன்னைப் போலப் படுத்துக் காட்ட எனக்குத் தைரியமில்லை. கூடப் போகிற பழக்கம் மட்டும் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கழுத்து நேராக இருக்கிறது. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்பிப் பார்க்கிறாள். அவள் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் என் கண்ணும் அந்தப் பக்கம் போகிறது. அங்கே நீ இல்லை, மச்சான்.