பிஸ்டன் தலையில் வைத்த பொட்டு

என் அன்பு மாப்ள துளசிராமுக்கு,

வண்டி ஓடிவிட்டது. ஓடியது மட்டுமில்லை, ஜெயித்தும் விட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு எவனிடம் போய்ச் சொல்வேன்? பேரையூர்ப் பக்கம் அதே வற்றிய கண்மாய், பன்னிரண்டு சுற்று, உன் சிவப்பு டூ ஸ்ட்ரோக் வண்டி, அதன் மேல் தொப்பையும் நானுமாக. பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். கடைசிச் சுற்றில் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருப்பாய்.

இரண்டு கோடைக்கு முன் நீ ஓட்டிய பந்தயம் நினைவிருக்கிறதா? பதினோராவது சுற்றில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாய். திடீரென்று பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டு, பின் சக்கரம் இழுபட்டு, கருவேல மரத்துக்குப் பக்கத்தில் புழுதிக்குள் வண்டி நின்றது. அந்த இஞ்சினுக்குப் புது பிஸ்டன் போட்டவன் நான். காளவாசலில் என் பட்டறை திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கூட்டம் மொத்தமும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

நீ வண்டியைப் போட்டுவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாய். "பெட்ரோல்ல ஆயில் கலக்க மறந்துட்டேன்ப்பா. என் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்" என்றாய். கோபம் வந்தால் உங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில்தான் நீ திட்டுவாய், எனக்குப் பாதி புரியாது. அன்று மட்டும் நல்ல தமிழில், ஊருக்கே கேட்கிற மாதிரி உன்னையே திட்டிக்கொண்டாய். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

உறைக்கவில்லை. மாறாக, டீக்கடையில் உனக்கு 'ஆயிலு' என்று பட்டப்பெயர் வைத்தவனே நான்தான். "வண்டியக் குடு, பிரிச்சுப் பாத்துத் தாரேன்" என்று எத்தனை தடவை கேட்டேன். "இருக்கட்டும்டா மாப்ள, எங்க போயிரப் போவுது" என்று சாக்கைப் போட்டு மூடி வைத்தாய். பிறகு மஞ்சள் காமாலை வந்து பதினைந்தே நாளில் நீ போய்ச் சேர்ந்தாய். நீ போன பிறகும் காளவாசலில் உன் பேச்சு வந்தால், ஆயில் மறந்த துளசிதானே என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இந்தத் தை மாதம் உன் மனைவி, என் தங்கச்சி முறை பத்மா, கூப்பிட்டு அனுப்பியது. "வண்டிய எடுத்துட்டுப் போங்கண்ணே. ஓடுனா ஓட்டுங்க, ஓடலேன்னா இரும்புக் கடையில போட்டுருங்க" என்றது.

பட்டறையில் வைத்து, சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தேன். நட்டு கையோடு வந்தது. நான் முறுக்கிய நட்டு அப்படி வராது. கசியாமல் இருக்க நான் தடவியிருந்த பேஸ்ட்டும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. பந்தயத்துக்குப் பிறகு யாரோ இதைத் திறந்து பார்த்து, நட்டை விரலாலேயே முறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். சாக்குக்கு அடியில் கிடந்த வண்டியை உன்னைத் தவிர யார் திறப்பார்கள்?

சிலிண்டரைத் தட்டித் தட்டித் தூக்கினேன். ஆயில் இல்லாமல் பிடித்திருந்தால் பிஸ்டன் சுற்றிலும் உரசியிருக்கும். இது ஒரே பக்கம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் முனை, புகை வெளியேறும் சைலன்ஸர் துளையில் மாட்டி ஒடிந்திருந்தது. கரியைத் துடைத்துப் பார்த்தேன். பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும், சைலன்ஸரைப் பார்க்க வேண்டிய அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்தபடி இருந்தது. பிஸ்டன் திருப்பி மாட்டப்பட்டிருந்தது, மாப்ள. மாட்டியவன் நான்.

எப்படி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பட்டறையில் போட்ட முதல் பந்தய பிஸ்டன் என்பதால் அதற்குப் பூஜை போட்டேன். தலையில் சந்தனத்தை அப்பி, நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். அம்புக்குறி சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. மாட்டும்போது தேடினேன், காணவில்லை. பந்தயத்துக்கு முன்னால் பொட்டை அழிக்க மனசு வரவில்லை. குத்துமதிப்பாக மாட்டிவிட்டேன்.

ஆயில் கலந்திருந்தும், கூட்டம் என்னைப் பார்த்ததும் பழியை நீ எடுத்துக்கொண்டாய். பிறகு பிரித்து இதைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு மூடியிருக்கிறாய். மறுநாள் டீக்கடையில் நான் 'ஆயிலு' என்று கூப்பிட்டபோது சிரித்திருக்கிறாய். ஏன்டா? அன்று நீ என் முன்னால் இருந்திருந்தால் அடித்திருப்பேன். அடித்துவிட்டு அழுதிருப்பேன். நீ இல்லாததால் அழ மட்டும் செய்தேன்.

அழுது முடித்து வேலையை ஆரம்பித்தேன். சிலிண்டரின் உட்சுவரை லேத்தில் கடைந்து ஒரு சைஸ் கூட்டி, அதற்கேற்ற புது பிஸ்டன் வாங்கினேன். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியே விட்டு, முனைகளின் இடைவெளியை மூன்று தரம் அளந்தேன். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையம் எகிறி இஞ்சினுக்குள் விழாமல் துணியை அடைத்துக்கொண்டு மாட்டினேன். அம்புக்குறியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. பொட்டை இந்த முறை டேங்க்கில் வைத்தேன். மூன்றாவது உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

புது பிஸ்டன் பழக வேண்டுமே. தினமும் காலையில் கொட்டாம்பட்டி வரைக்கும் மெதுவாகப் போய் வந்தேன். மாட்டு வண்டிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டு, "நீங்க போங்கண்ணே" என்று கேலி செய்தார்கள். உனக்கு இல்லாத பொறுமை எனக்கு உண்டு, அதை மட்டும் ஒத்துக்கொள்.

பந்தயத்தில் எட்டாவது சுற்று வரை நாலாவதாகத்தான் போனேன். பதினோராவது சுற்றில், நீ நின்ற அதே கருவேல மரத்தைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு சுருதி பிசகாமல் பாடிக்கொண்டே தாண்டியது. அதன் பிறகு திருகிய ஆக்ஸிலேட்டரை நான் விடவே இல்லை. முதலாவதாக வந்தேன் மாப்ள, ஒரு வண்டி நீளத்துக்கு.

மாலை போட வந்தவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னால இந்த வண்டி ஆயில் இல்லாம நிக்கல. பிஸ்டனைத் திருப்பி மாட்டுனவன் நான். துளசி மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே அவனை அந்தப் பேரு சொல்லி எவனாச்சும் கூப்பிட்டா எங்கிட்ட பதில் சொல்லணும்" என்றேன். முதலில் ஒருவர் கை தட்டினார், அப்புறம் கண்மாயே தட்டியது. அந்தக் கைதட்டல் உனக்கு.

கழுத்தில் மாலையோடு நேரே உன் வீட்டுக்குப் போனேன். மாலையை உன் படத்துக்குப் போட்டுவிட்டுப் பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்ணே" என்றது தங்கச்சி. "பிரிச்சுப் பாத்த அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு. 'அவன் இப்பத்தான் பட்டறை வச்சிருக்கான். கை சரியில்லேன்னு பேரு வந்தா அம்புட்டுத்தான், எந்திரிக்க மாட்டான். ஆயிலு மறந்தேன்னா எனக்கு என்ன கொறஞ்சு போச்சு'ன்னாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மறுநாள் காலை ஒருவர் மட்டும் பட்டறைக்கு வந்து, வேலைக்கு விட்டிருந்த வண்டியைத் திரும்ப எடுத்துப் போனார். போகட்டும். மற்ற வண்டிகள் நிற்கின்றன.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாப்ள. இனி என் கைத்தப்பால் எந்த வண்டி நின்றாலும், அதன் சொந்தக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். எனக்காகப் பழியை வாங்கிக்கொள்ள இன்னொருவனை இந்த ஊர் பெறப்போவதில்லை.

நீ தாங்கிப் பிடித்த உன் மாப்ள,
காளவாசல் பட்டறைக்காரன்