கண்ணாடிக் கதவும் ஒரு காந்தமும்

கோயம்புத்தூர்
12-1-2025

பிரியமுள்ள தங்கை யமுனாவுக்கு அண்ணன் தமிழ்செல்வன் எழுதிக்கொள்வது.

நான் நலம். அங்கே பனி அதிகம் என்று அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் விளக்கினால் புரியாது, படம் போட்டுக் காட்ட வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் வரைந்த பாக்கெட் மெஷின் நம் மலையில் உள்ள செம்மேட்டுக்கே வந்து, அதை ஓட்டும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நீ சொல்லும் குறையும் நியாயம்தான். சாமை மாவு பொடியாகப் பறக்கும். பையின் வாயை ஒட்டி வெட்டும் அந்த இரண்டு சூடான இரும்புத் தாடைகளில் மாவு படிந்து, பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடிக் கதவைத் திறந்துதான் பிய்த்தெடுக்க வேண்டும். திறந்தால் மெஷின் நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் சூப்பர்வைசரிடம் நீ திட்டு வாங்குகிறாய்.

கதவு மூடியிருப்பதைக் கண்டுபிடிப்பது மெஷின் சட்டத்தில் உள்ள ஒரு சின்ன சுவிட்ச். கதவில் இருக்கும் காந்தம் அதன் பக்கத்தில் வந்தால்தான் மெஷின் ஓடும். பழைய ஸ்பீக்கரில் இருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, கீழே உள்ள படத்தில் நான் பென்சிலால் அம்புக்குறி போட்ட இடத்தில் டேப் வைத்து ஒட்டிவிடு. கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். தாடை விரியும் நேரம் பார்த்துக் கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். தாடையை நான் மாற்றி வரைந்து அனுப்பும் வரைதான் இந்த ஏற்பாடு. வெளியே சொல்லாதே கண்ணு.

பெண் வீட்டில் வைகாசியில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள். அதற்குள் டிசைன் பிரிவை என் பொறுப்பில் விடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது.

உன் அண்ணன்
தமிழ்செல்வன்


வளப்பூர் நாடு
5-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கலுக்கும் நீ வரவில்லை. அம்மா உனக்காக எடுத்து வைத்த தேன் அப்படியே இருக்கிறது.

நீ சொன்ன இடத்தில் காந்தத்தை ஒட்டினேன். அன்றிலிருந்து மெஷின் நிற்பதே இல்லை. சூப்பர்வைசர் ராசப்பன் இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முன்பெல்லாம் "ஏய்" தான்.

நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் மாதம்மாள் அக்காவையும் என்னோடு மெஷினில் போட்டிருக்கிறார்கள். மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையை உள்ளே விட முதலில் பயந்தார். தாடை விரிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள், அதற்குள் எடுத்துவிடலாம் என்று நான்தான் பக்கத்தில் நின்று பழக்கினேன். இப்போது சத்தமாக எண்ணிக்கொண்டே வேலை செய்கிறார். கேட்டால் சிரிப்பு வரும்.

தாடையை எப்போது மாற்றித் தருவாய்?

அன்புத் தங்கை
யமுனா


நாமக்கல்
27-2-2025

அண்ணா,

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை.

திங்கட்கிழமை காலை ராசப்பன் மெஷினின் வேகத்தைக் கூட்டினார். இரண்டு எண்ணுவதற்குள் தாடை மூடிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா "ஒண்ணு" என்று சொன்னது கேட்டது. "ரெண்டு" கேட்கவில்லை.

சிவப்புப் பொத்தான் மெஷினுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் சுற்றிக்கொண்டு ஓடி அழுத்துவதற்குள் தாடை மூன்று முறை மூடித் திறந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அவை பாக்கெட்டுகளோடு பெல்ட்டில் போய்க் கூடையில் விழுந்து கிடந்தன. நான்தான் பொறுக்கித் துணியில் சுற்றினேன். ஜீப்பில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி வந்தோம். வழி முழுக்க அக்கா என் மடியில் தலை வைத்திருந்தார். ஒட்ட வைக்க முடியாது, நசுங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் ஒட்டியது என்று கேட்கிறார்கள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. நீ வந்து சொல்லு அண்ணா. நீ வரைந்த மெஷின், நீ சொன்னால் கேட்பார்கள்.

பொத்தானை ஏன் அந்தப் பக்கம் வைத்தாய்?

யமுனா


கோயம்புத்தூர்
4-3-2025

அன்புத் தங்கைக்கு,

பதற்றப்படாமல் படி. பொத்தானை அந்தப் பக்கம் வைத்தது வயர் நீளம் குறையும் என்பதற்காக. அதை எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். இனி அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நான் வர முடியாது. எங்கள் கம்பெனி சார்பில் விசாரணை அறிக்கை எழுதுவதே நான்தான். மெஷினில் குறை இல்லை என்று எழுதியாகிவிட்டது. காந்தத்தை யாரோ ஒட்டியிருக்க வேண்டும். அது நீ என்றால், அண்ணன் யார் என்று தேடுவார்கள். என் வேலை போகும், கல்யாணம் நிற்கும், அப்பா அம்மா தெருவில் தலை நிமிர முடியாது.

மாதம்மாள் ஒட்டியதாக இருக்கட்டும். அவளுக்குப் போன விரல் எப்படியும் திரும்ப வரப்போவதில்லை. இத்துடன் டைப் அடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அவள் பெயரில் எழுதியது. ஆஸ்பத்திரிச் செலவுக்கான மனு என்று சொல்லிப் படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கி ராசப்பனிடம் கொடுத்துவிடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். உன்மேல் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

என் கடிதங்களை எரித்துவிடு. நீ கெட்டிக்காரி.

அண்ணன்


வளப்பூர் நாடு
10-4-2025

அண்ணனுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளில் இல்லாததை எல்லாம் இருப்பது போலப் படித்தேன். அக்காவின் இடது கைக் கட்டை விரலைப் பிடித்து மையில் வைத்து அழுத்தினேன்.

பத்து நாளில் அக்காவை வேலையை விட்டு நீக்கினார்கள். அவரே செய்த தப்பு என்பதால் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என்னை ஷிப்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

அக்காவால் தலை சீவிக்கொள்ள முடியவில்லை. வேலைக்குப் போகும் முன் தினமும் நான் போய்ச் சீவி, கொண்டை போட்டுவிடுகிறேன். போன வாரம் சீவிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அந்தத் தாளுல இருந்தது ஒண்ணு, நீ படிச்சது ஒண்ணு. ஏஞ்சாமி அப்படிப் பண்ணுனே?"

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. அக்கா அஞ்சாவது வரை படித்தவராம். நாம் யாரும் கேட்டதே இல்லை.

தெரிந்தும் ஏன் கைநாட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். "நீ பாதியில நிறுத்தீருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் கண்ணு. கடைசி வரி வரைக்கும் பாத்தேன். வெரலையும் நீயேதான் புடிச்சு அழுத்துனே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பாதியில் நின்ற கொண்டையை முடித்துவிடச் சொன்னார். முடித்துவிட்டேன்.

மறுநாள் உன் இரண்டு கடிதங்களையும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். பென்சில் படத்தை வெகுநேரம் பார்த்தார். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். நாமக்கல் லேபர் ஆபீசில் கொடுக்கலாம், நானும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டார். கடிதங்கள் இப்போது அவரிடம்தான் இருக்கின்றன. என்ன செய்யப்போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

நான் வேலையை விட்டுவிட்டேன். காலையில் தலை சீவ மட்டும் போகிறேன். வரவேண்டாம் என்று அவர் சொன்னால் நிம்மதியாக இருக்கும். "நாளைக்கும் நேரமே வந்துரு" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்.

இனி எனக்கு எழுதாதே. உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். அம்மாவிடம் காரணத்தை நீயே சொல்லிக்கொள்.

ஆனால் மாதம்மாள் அக்கா வருகிறாராம். எந்த மண்டபம், வைகாசி எத்தனாம் தேதி, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று இன்று காலை என்னிடம் விசாரித்தார். எல்லாம் சொல்லிவிட்டேன்.

யமுனா