ராகு காலத்தில் விட்ட கடல் சாமந்தி

அண்ணி,

இன்று காலை மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றி வருகிற லாரிக்காரர் வழக்கம்போல வாசலில் கடல் தண்ணீர் கேன்களை இறக்கிவிட்டுப் போயிருந்தார். மூடியைத் திறந்ததும் அந்த உப்பு வாடை வந்தது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெருவே உங்கள் கைராசியைச் சொல்லிச் சொல்லி அழுகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

விதை போட, புது அடுப்பு பற்றவைக்க, கல்யாணத்துக்கு முதல் மஞ்சள் இடிக்க என்று எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரரின் அக்காவான உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்துகூட வண்டி வரும். அந்தப் பெருமை உங்கள் நடையிலேயே தெரியும். நான் அப்போது புது மருமகள், பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். கூடத்தில் கடல் தண்ணீர் நிரப்பிக் கோமாளி மீன் ஜோடி ஒன்றை வளர்த்தேன். "மலைய சுத்துற ஊருல கடல எதுக்குடி கொண்டாந்து வச்சிருக்க?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அன்றைக்கு உங்களை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபம் என்கிற கடலோர ஊரில் வேலையாக இருந்த என் தம்பி, மூடி போட்ட வாளியில் ஒரு கடல் சாமந்தியைக் கொண்டுவந்தான். பார்க்கத்தான் பூ, உள்ளபடி அது உயிர்ப் பிராணி. ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குத் திடீரென்று மாற்றினால் தாங்காது. மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் பஞ்சாங்கக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து நின்றீர்கள்.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள உள்ள விட்டுடு."

"அவசரப்படக் கூடாதுங்க அண்ணி. தண்ணிக்குப் பழகட்டும்."

"மருமக வீட்டுக்குள்ள வரவே நேரம் பாக்குறோம், இது எம்மாத்திரம்? நகரு, என் கையால வைக்கிறேன்."

வேண்டாம் என்று கெஞ்சினேன். சரி என்று தலையாட்டினீர்கள். தம்பிக்குக் காபி போட நான் அடுப்படிக்குப் போன நேரத்தில், மஞ்சள் பூசிய கையை வாளிக்குள் விட்டு, கல்லைப் பற்றியிருந்த அதன் அடிப்பாதத்தைப் பிய்த்தெடுத்து, தொட்டியின் நடு மணலில் கத்தரி நாற்று நடுவதுபோல அமுக்கி வைத்துவிட்டீர்கள். நான் ஓடி வந்தபோது நல்ல நேரம் தப்பாத சந்தோஷத்தில் முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் அது குடல் வெளியே தள்ளிக் கிடந்தது. தண்ணீர் நாறிப்போய்க் கோமாளி மீன்களும் செத்து மிதந்தன. அதைக்கூட விட்டிருப்பேன், அண்ணி. வாசலில் நின்று நீங்கள் சொன்னதைத்தான் விடமுடியவில்லை. "நான் நல்ல நேரத்துலதான் வச்சேன். இவ கை பட்டுதான் அழுவிப் போச்சு. ராசியில்லாத கை!"

உங்கள் வாயிலிருந்து வந்தால் ஊரில் அதற்கு மறுபேச்சு ஏது? உங்கள் மகள் கல்யாணத்தில் மஞ்சள் இடிக்கிற பெண்களோடு நானும் உலக்கையைத் தொடப் போனேன். எல்லார் முன்னாலும், "நீ தள்ளி நில்லு" என்றீர்கள். தூண் ஓரமாக நின்று அந்த உலக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

தம்பியை இன்னொரு கடல் சாமந்தி கொண்டுவரச் சொன்னேன். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வரச் சொன்னேன். தெருப் பெண்களைக் காபிக்குக் கூப்பிட்டேன், உங்களை முன்னால் உட்காரவைத்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீருக்குப் பழக்கிவிட்டு, பத்தரை தாண்டும்வரை காத்திருந்து, சரியாக ராகு காலத்தில், என் கையால், ஒட்டியிருந்த கல்லோடு சேர்த்து இறக்கினேன். விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடினேன். அப்புறம் யாரையும் தொடவிடவில்லை. அது கல்லை விட்டு இறங்கி, கண்ணாடியில் ஏறி, தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேடிப் பாறை இடுக்கில் காலூன்றியது. புதிதாக வந்த கோமாளி மீன்கள் அதற்குள் புகுந்து விளையாடின.

அதன்பின் யார் வந்தாலும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதாகப் பார்த்து, "இது ராகு காலத்துல நான் விட்டதுங்க" என்பேன். உங்கள் முகம் சுருங்கும். எத்தனை வருஷமானாலும் எனக்கு அது அலுக்கவே இல்லை. ஆனாலும் யாரும் என்னை மஞ்சள் இடிக்கக் கூப்பிடவில்லை, அண்ணி. பூ பிழைத்தது, என் கைக்கு வந்த பேர் போகவில்லை.

அந்தச் சாமந்தி இப்போது பிரிந்து இரண்டாகியிருக்கிறது. இரண்டுக்கும் காலையில் இறால் துண்டு கொடுத்தேன். அவை இந்த விரலைப் பற்றி இழுத்தபோது, உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று வாய்க்கரிசிக்காக நான் அள்ளிய ஈர அரிசிதான் நினைவுக்கு வந்தது. என்னை மஞ்சளுக்கு ஆகாதவளாக்கிய உங்கள் வாயில் இந்தக் கையாலேயே அரிசி போட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டேன். அந்த ஈரம் இன்னும் கையில் இருப்பதுபோலவே இருக்கிறது.

தள்ளி நில்லு என்று நீங்கள் சொல்லவில்லை.